உரிந்துபோன வெளிப்புறச் சிமெண்ட் தளத்தை நாமே சீர்செய்வது

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட, வாசலிலிருந்து பக்கவாட்டுச் சந்தின் கடைசிவரை நீளும் 200 சதுர அடிச் சிமெண்ட் தளம் மேல்பூச்சு உரிந்து ஜல்லி தெரிய நிற்கிறது. இரண்டு நீள விரிசல்கள் ஓடுகின்றன. மழை பெய்தால் சம்ப்புக்கு அருகே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது. இதன்மேல் ஓர் அங்குலம் சிமெண்ட் பூசிவிட்டால் போதுமா, அதை ஆள் வைக்காமல் நானே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே செய்யலாம். ஆனால் இருக்கிற தளத்தின்மேல் அப்படியே ஓர் அங்குலம் பூசிவிடாதீர்கள். அவ்வாறு பூசப்பட்ட தளங்கள்தாம் ஓரிரு மழைக்காலங்களுக்குள் தகடு தகடாகப் பெயர்ந்து வருகின்றன. வெளிப்புறத் தளம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை, புதிய கலவை பழைய தளத்தை எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, கலவை குழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியே இருக்கும்.

முதலில் உங்கள் தளம் ஏன் உரிந்தது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதே காரணத்தைப் புதிய தளத்திலும் புகுத்திவிடக் கூடாது. தமிழ்நாட்டு வீடுகளில் வாசல் தளம் என்றால் பெரும்பாலும், இடித்துக் கெட்டிப்படுத்திய மண்ணின்மேல் 1:4:8 அளவில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒன்றரை அங்குல ஜல்லி போட்ட அடிக் கான்கிரீட்டும், அதன்மேல் 1:3 அல்லது 1:4 அளவில் சிமெண்ட் மணல் பூச்சும் இருக்கும். அடிக் கான்கிரீட் காய்ந்து, அதன்மேல் வீட்டு வேலை முழுவதும் நடந்து, தூசியும் சுண்ணாம்பும் படிந்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மேல்பூச்சு போடுவதுதான் வழக்கம். ஆகவே இரண்டு அடுக்குகளும் முதல் நாளிலிருந்தே சரியாக ஒட்டியிருப்பதில்லை. இதோடு, மேற்பரப்பு வழவழப்பாக வர வேண்டும் என்பதற்காக ஈரக் கலவையின்மேல் சிமெண்ட் தூளைத் தூவி இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்க்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அப்படித் தேய்த்த மேல்தோலில் சிமெண்ட் அளவுக்கு மீறி இருப்பதால் அது காயும்போது கீழ்ப்பகுதியைவிட அதிகமாகச் சுருங்கி, வலைபோல நுண்ணிய விரிசல்கள் விடுகிறது. வீட்டுக்குள் அது பெரிய தொல்லையில்லை. வெளியிலோ, பகல் வெயிலில் காய்ந்து திடீர் மழையில் நனையும் அந்தத் தோல் நாளடைவில் செதிள் செதிளாக உரிகிறது. கண்ணுக்கு அழகாக இருக்கும் இந்த ஒரு வேலையை மட்டும், கொத்தனாரே வற்புறுத்தினாலும், வெளித்தளத்தில் செய்ய விடாதீர்கள்.

அடுத்தது சோதனை. அரைக் கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டு, அரை அடிக்கு ஒரு தட்டு வீதம் தளம் முழுவதையும் தட்டிக் கேளுங்கள். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடியில் விட்டுப்போன இடம் பொள்ளென்று ஒலிக்கும். பொள்ளாக ஒலிக்கும் பகுதிகளைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், எங்கெல்லாம் பழைய பூச்சைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வட்டங்கள் தளத்தில் பாதிக்கு மேல் வந்தால் மேல்பூச்சு முழுவதையுமே எடுத்துவிடுவதுதான் உத்தமம். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பூச்சின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பொருளைப் போட்டாலும், அது அந்தப் பூச்சோடு சேர்ந்தே பெயர்ந்து வரும்.

விரிசல்களில் இரண்டு வகை உண்டு. ஒரு காலத்தில் விட்டு, அதோடு நின்றுபோனது ஒரு வகை. இன்னும் அசைந்துகொண்டிருப்பது மற்றொன்று. விரிசலின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் அது சுருக்கத்தால் வந்தது. ஒரு கரை இறங்கியிருந்தால் அடியில் மண் அமிழ்ந்திருக்கிறது என்று பொருள். அஸ்திவாரக் குழியை மூடியபோது சரியாக இடிக்காமல் விட்ட மண், சுவரை ஒட்டிய இரண்டு அடிக்குள் இப்படி இறங்குவது மிகச் சாதாரணம். கரை உயர்ந்திருந்தால் வேர் ஏதேனும் தூக்கியிருக்கலாம். கரிசல் மண் உள்ள ஊராக இருந்தால் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், விரிசல் ஆண்டு முழுவதும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். ஐயமிருந்தால், விரிசலின் குறுக்கே இரண்டு இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிய பட்டையாகப் பூசி, தேதி எழுதிவைத்துச் சில வாரங்கள் பாருங்கள். பட்டை வெடித்தால் தளம் இன்னும் அசைகிறது. கால் வைத்தால் ஆடுகிற, அல்லது ஓர் அங்குலத்துக்கு மேல் அமிழ்ந்த பகுதியைப் புதுப்பிக்க முயல வேண்டாம். அந்தத் துண்டை மட்டும் முழுதாக உடைத்தெடுத்து, கிராவல் பரப்பி, நனைத்து இடித்து, நான்கு அங்குலக் கான்கிரீட்டாகப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் தேங்குவது உங்கள் உண்மையான சிக்கல் என்று நான் நினைக்கிறேன். உரிதலும் பாசியும் பெரிதும் அதன் விளைவுகளே. வெளித்தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். இப்போது வாட்டம் எப்படி இருக்கிறது என்று அறிய ரசமட்டம் போதாது. கண்ணாடிபோலத் தெளிவான டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, சுவரில் நான்கைந்து இடங்களில் ஒரே மட்டத்தைக் குறித்து, அந்தக் குறியிலிருந்து தளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் எல்லாப் பள்ளங்களும் கணக்கில் வந்துவிடும். சந்தின் நீளவாக்கில் வாட்டம் கொடுக்கப் பார்க்காதீர்கள். முப்பதடி நீளத்துக்கு வாட்டம் கொடுத்தால் மேல்முனையில் நாலரை அங்குலம் உயர்த்த வேண்டிவரும், நிலைப்படி மறைந்துவிடும். ஐந்தடி அகலத்தின் குறுக்கே, வீட்டுச் சுவரிலிருந்து மதில் பக்கமாகச் சாய்த்தால் முக்கால் அங்குலமே போதும். மதிலை ஒட்டிச் சிறிய வாய்க்கால் ஒன்று விட்டுவிட்டால் தண்ணீர் அதன் வழியே தெருவுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ போய்விடும்.

தளம் உயர்ந்தால் கூடவே பாதிக்கப்படும் மூன்று இடங்களை இப்போதே பாருங்கள். இரும்புக் கேட்டின் அடிப்பகுதி புதிய தளத்தில் உரசுமா என்பது ஒன்று. கதவு நிலைக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது நான்கு அங்குல உயரமாவது மிஞ்சுகிறதா என்பது இரண்டாவது. சம்ப்பின் வாய் மூன்றாவது. இதுதான் பலராலும் மறக்கப்படுவது. தளத்தை உயர்த்திவிட்டுச் சம்ப் மூடியை அதே இடத்தில் விட்டால், தளத்தைக் கழுவிய தண்ணீரெல்லாம் குடிநீரில் போய்ச் சேரும். சம்ப்பின் விளிம்பைச் செங்கல் கட்டியாவது புதிய தளத்துக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் உயர்த்திக்கொண்ட பிறகே தளத்தில் கை வையுங்கள்.

எந்த முறையைத் தேர்வது என்பதில் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். தரைப் பெயிண்ட் அடிக்கலாம் என்பார்கள். அடியில் பாலித்தீன் விரிக்காமல் போட்ட பழைய தளத்தில் மண்ணின் ஈரம் மேலேறிக்கொண்டே இருப்பதால் பெயிண்ட் கொப்புளித்து உரியும், அதிலும் எபாக்ஸி வகை வெயிலில் வெளுத்துப் பொடியும். தானாகச் சமமாகும் கலவை என்று ஒன்று உண்டு; அது பெயருக்கேற்றபடி சமமாகிவிடும், அதாவது நீங்கள் கொடுக்க நினைக்கும் வாட்டத்தை அழித்துவிடும், அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குள் போடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பார்க்கிங் டைல்ஸ் நல்ல வழிதான், ஆனால் அதற்கும் அடியில் உறுதியான, வாட்டமுள்ள தளம் வேண்டும். இல்லையென்றால் இன்றைய சிக்கலை டைல்ஸுக்கு அடியில் மறைத்துவைத்ததாகவே ஆகும். சில இடங்களில் மட்டும் உரிந்து, வாட்டம் சரியாக இருந்திருந்தால், பாலிமர் கலந்த கலவையால் ஒட்டுப்போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் தளத்துக்கு, குறைந்த இடத்தில் ஒன்றரை அங்குலமும் சராசரியாக இரண்டு அங்குலமும் வரும்படி, சிறு ஜல்லி சேர்த்த கான்கிரீட்டைப் பழைய தளத்தோடு பிணைத்துப் போடுவதே ஏற்றது. கொத்தனார்கள் ஐ.பி.எஸ். (இந்தியன் பேட்டன்ட் ஸ்டோன்) தளம் என்று சொல்வது ஏறத்தாழ இதுதான். வெறும் சிமெண்ட் மணல் பூச்சைவிட ஜல்லி சேர்ந்த கலவை குறைவாகச் சுருங்கும், தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும்.

இனி, கடினமான வேலை. பொள்ளாக ஒலித்த பகுதிகளை உளியும் சுத்தியலும் கொண்டு பெயர்த்தெடுங்கள். அந்தப் பகுதியின் ஓரங்களைக் கட்டிங் மெஷினால் நேராக வெட்டிவிட்டால் ஒட்டுப்போட்டதன் விளிம்பு பிறகு உதிராது. மீதியுள்ள உறுதியான பரப்பிலும் மேல்தோலை நீக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். கான்கிரீட் உடைக்கும் பெரிய டிரில்லை வாடகைக்கு எடுத்து இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். அது நல்ல பகுதியையும் உள்ளுக்குள் அதிரவைத்து நொறுக்கிவிடுவதால், சிறிய டிரில்லோ கைக்கொத்தோ போதும். கொத்தும்போதும் வெட்டும்போதும் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கக்கூடிய சிலிக்கா கலந்தது. எனவே தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்கள், என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் சலவை சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு, ஒரு முறைக்குப் பல முறை தேய்த்தெடுக்க வேண்டும்; கடைசியில் அந்த இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சினால் நல்லது, முத்துப்போல நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அப்படி நின்றால் கழுவுவதை விட்டுவிட்டு அந்த இடத்தைக் கொத்தியே எடுத்துவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தளத்தைச் சுத்தம் செய்யும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது சிமெண்டையே அரித்து மேற்பரப்பைப் பலவீனமாக்கும். சரியாகக் கழுவாமல் விட்டால் ஒட்டுதலையும் கெடுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டும் விழுந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்கவே கூடாது.

அசையாத விரிசல்களை வி வடிவில் அரை அங்குல ஆழத்துக்கு வெட்டிச் சுத்தம் செய்து, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டுதலைக் கூட்டும், பால்போன்ற செயற்கை ரப்பர் திரவம்) கலந்த சிமெண்ட் மணல் கலவையால் நிரப்பிவிடலாம். அசைகிற விரிசலைச் சிமெண்டால் அடைப்பதில் பயனில்லை, அது அடுத்த கோடையில் மேலே புதிய தளத்திலும் அதே கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோட்டின்மேலேயே புதிய தளத்தின் இணைப்பு வரும்படி கட்டங்களைப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

கட்டங்களை ஐந்தடிக்கு ஐந்தடியாகப் பிரியுங்கள். சுருக்க விரிசலைத் தடுக்க இது ஏற்ற அளவு. கணக்குக்கும் வசதி, ஏனெனில் 1:1½:3 அளவில் ஒரு மூட்டைச் சிமெண்டில் ஏறத்தாழ நாலரைக் கன அடிக் கான்கிரீட் கிடைக்கும், அது இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு கட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஆக 200 சதுர அடிக்கு எட்டு மூட்டைச் சிமெண்ட், சேதாரம் சேர்த்து 16 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி ஜல்லி வாங்கினால் போதும். ஜல்லியில் பாதி அரை ஜல்லியாகவும் பாதி கால் ஜல்லியாகவும் இருக்கட்டும். முக்கால் ஜல்லி இந்தக் கனத்துக்குப் பெரிது. எம்-சாண்டில் பூச்சுக்கென்று விற்கும் நைசான வகையைத் தவிர்த்து, கான்கிரீட்டுக்கான வகையைக் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கான்கிரீட்டின் எடை இரண்டேகால் டன்னுக்குக் குறையாது என்பதால், தனி ஆளாக ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ கட்டங்கள், அதுவும் ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டு வந்தால் உடம்பும் தாங்கும், தளமும் நன்றாக அமையும்.

காலத்தைப் பொறுத்தவரை தை, மாசி மாதங்களுக்கு நிகரில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் கலவை கையில் இருக்கும்போதே இறுகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத் தளத்தைக் கரைத்துவிடும். ஆடியில் வெயில் தணிந்துவிட்டதே என்று பலரும் தொடங்குவார்கள், ஆனால் ஆடிக்காற்று மேற்பரப்பின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சி விரிசலை உண்டாக்கும். அந்த மாதத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் காற்றுவாக்கில் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

போடப்போகும் கட்டத்தை முந்தின இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தெடுத்து, தளம் உள்ளே ஈரமாகவும் மேலே பளபளப்பு இல்லாமலும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த தளம் புதிய கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் நிற்கும் தளத்தில் கலவை பற்றாது. ஒரு பங்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸுக்கு ஒன்றரைப் பங்கு சிமெண்ட் என்ற அளவில், அல்லது டப்பாவில் உள்ள அளவில், குழம்பாகக் கரைத்து, கெட்டியான பிரஷால் கொத்திய குழிகளுக்குள் இறங்கும்படி அழுத்தித் தேயுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். இந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே கான்கிரீட் விழ வேண்டும். காய்ந்து தோலாகிவிட்டால் அது ஒட்டவைக்காது, ஒட்டாமல் தடுக்கும். எனவே பத்து நிமிடத்தில் மூடக்கூடிய பரப்புக்கு மட்டும் பூசுங்கள், காய்ந்துவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். லேடெக்ஸ் கிடைக்கவில்லை என்றால் வெறும் சிமெண்ட் பால்கூடப் போதும், அதைக் கெட்டியாகக் கரைத்து ஈரத்திலேயே மூடிவிட வேண்டும். மரவேலைக்கான வெள்ளைப் பசையை மட்டும் கலக்காதீர்கள். அது ஈரம் பட்டால் மீண்டும் இளகும்.

கலவையில் ஒரு மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். தளரக் குழைத்தால் பரப்புவது எளிது என்பது உண்மைதான். ஆனால் மிகுதித் தண்ணீர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகளே பின்னால் உதிர்வுக்கு வழி. உப்புத் தண்ணீரைத் தவிர்க்கவும், இல்லையென்றால் தளத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் ரப்பர் கையுறையும் பூட்சும் தேவை. சுவரோரத்தில் அரை அங்குலத் தெர்மோகோல் பட்டையை நிறுத்தி, இரு பக்கமும் வாட்டத்துக்கேற்ப மரப்பட்டைகளைப் பதித்து, கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் தட்டித் தட்டி இழுத்து, மணியாசுக் கட்டையால் (கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகை) ஒருமுறை தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். மேலே கசிந்து வரும் தண்ணீர் தானாக மறைந்த பிறகே இரண்டாவது முறை தேய்க்க வேண்டும். அந்தத் தண்ணீரை உறிஞ்சச் சிமெண்ட் தூள் தூவும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, சுத்தமான தென்னந்துடைப்பத்தைச் சந்தின் குறுக்கே, தண்ணீர் ஓடும் திசையில் லேசாக இழுத்துவிட்டால், நடக்கும்போது கால் வழுக்காது, தண்ணீரும் அந்த வரிகளின் வழியே வடியும். கேட்டுக்கு உள்ளே கோலம் போடும் கட்டத்துக்கு மட்டும் துடைப்பம் வேண்டாம், மணியாசுக் கட்டையின் சொரசொரப்பே போதும். வரி விழுந்த தரையில் மாவுக்கோலத்தின் இழை அறுந்து அறுந்து நிற்கும், வீட்டில் உள்ளவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

போட்டு முடித்த சில மணி நேரத்தில், கை வைத்தால் தடம் விழாத நிலை வந்ததும், பாலித்தீன் விரிப்பால் மூடி, மறுநாள் முதல் ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டு வாருங்கள். மொட்டை மாடியில் செய்வதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வாட்டமுள்ள தளத்தில் சரிவராது, மேல்பக்கம் காய்ந்துவிடும். எத்தனை நாள் என்பதற்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது. கடைகளில் இன்று பரவலாகக் கிடைப்பது பி.பி.சி. என்னும் கலப்புச் சிமெண்டு என்பதாலும், நம் ஊர் வெயிலை முன்னிட்டும் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஒரு வாளி ஊற்றுவதற்குப் பெயர் நீராற்றல் (க்யூரிங்) இல்லை. சாக்கு எந்த நேரத்திலும் காயக் கூடாது.

மறுநாளே மெதுவாக நடக்கலாம். இருசக்கர வண்டியை ஒரு வாரம் கழித்தும், காரை நான்கு வாரம் கழித்தும் ஏற்றுங்கள். அந்த நான்கு வாரம் முடிந்ததும், சுவரோரத் தெர்மோகோலின் மேற்பகுதியை அரை அங்குலம் சுரண்டியெடுத்து, அந்த இடைவெளியையும் அசையும் விரிசலின்மேல் விட்ட இணைப்பையும் பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்பிவிடுங்கள். மற்ற இணைப்புகளை அப்படியே விடலாம். பிறகு பழைய சுத்தியலை எடுத்து ஒருமுறை தளம் முழுவதும் தட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் பொள்ளென்று கேட்டால் உடனே உடைத்துவிட வேண்டியதில்லை. அந்தக் கட்டம் தனித்து இருப்பதால், விரிசல் விடும்வரை அப்படியே விட்டுவைத்து, பிறகு அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.